புகையும் கோழையும்: நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியின் காரணங்கள்

குளிர்காலம் தொடங்கியதும் வட இந்திய நகரங்களில் அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிகள் வரிசை நீளத் தொடங்குகிறது. அவ்வரிசையில் நிற்போரில் பலருக்கு இருமல் என்பது புதிய துன்பமன்று. விடியற்காலையில் எழுந்து, சிறிது நேரம் இருமி, தொண்டையில் திரண்ட கோழையைத் துப்பிவிட்டு அன்றாட வேலையைப் பார்க்கப் போவது அவர்களுக்குப் பல் துலக்குவதைப் போன்றதொரு வழக்கமாகிவிட்டது. பீடி பிடிப்பவனுக்கு இருமல் இருக்கத்தான் செய்யும் என்று வீட்டார் சொல்வர். அடுப்படியில் வாழும் பெண்ணின் இருமலையோ ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. மூச்சு இரைத்து, படி ஏற முடியாமல் போன பிறகே இவர்கள் மருத்துவரிடம் வருகின்றனர். அதற்குள் நுரையீரலின் ஆற்றலில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சிக்கு மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ள இலக்கணம் மிக எளிது. ஆண்டுக்குக் குறைந்தது 3 மாதங்கள், தொடர்ந்து 2 ஆண்டுகள், பெரும்பாலான நாட்களில் கோழையுடன் கூடிய இருமல் ஒருவருக்கு இருந்து, அதற்குக் காசநோய் முதலிய வேறு காரணம் எதுவும் இல்லையென்றால், அவருக்கு இந்நோய் உண்டு. 1965ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த வரையறையும் ஏறத்தாழ இதுவே. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எக்ஸ்ரே படத்தையோ இரத்தச் சோதனையையோ கொண்டு அமைந்த வரையறை அன்று இது. நோயாளி தரும் விடையைக் கொண்டே அமைந்தது. ஆகவே கேட்பவர் கேட்டாலன்றி இந்நோய் வெளிப்படுவதில்லை.

மூச்சுக்குழலில் நடப்பது என்ன?

நாம் நாளொன்றுக்கு உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர். அக்காற்றுடன் தூசியும் புகையும் கிருமிகளும் உள்ளே செல்கின்றன. இவற்றைத் தடுத்து வெளியேற்ற இயற்கை ஓர் அருமையான ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. மூச்சுக்குழல்களின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் நெல்வயலில் கதிர்கள் போல நெருங்கி நிற்கின்றன. அவற்றின் மேல் மெல்லிய சளிப்படலம் ஒன்று பரவியிருக்கிறது. உள்ளே வரும் தூசி இப்படலத்தில் ஒட்டிக்கொள்ள, இழைகள் ஓயாது ஒரே திசையில் அசைந்து அதனைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளுகின்றன. நாம் அறியாமலே அதனை விழுங்கிவிடுகிறோம். நலமுள்ள மனிதனுக்குக் கோழை துப்ப வேண்டிய தேவையே இல்லை.

புகை நாள்தோறும் இச்சுவரைத் தாக்கும்போது இரண்டு கேடுகள் ஒருங்கே நிகழ்கின்றன. சளியைச் சுரக்கும் செல்கள் பெருகி, சுவரினுள் இருக்கும் சுரப்பிகள் தடித்து, சளி மிகுதியாகவும் கெட்டியாகவும் சுரக்கிறது. அதே வேளையில் அதனை அப்புறப்படுத்த வேண்டிய இழைகள் செயலிழந்து உதிர்கின்றன. சரக்கு கூடுகிறது, சுமப்பவர் குறைகின்றனர். எஞ்சியிருக்கும் ஒரே வழி இருமல். எனவே இந்நோயில் இருமலைக் குற்றவாளியாகக் கருதி மருந்தால் அடக்குவது அறிவுடைமை ஆகாது.

1960ஆம் ஆண்டில் லின் ரீட் என்னும் நோய்க்குறியியல் அறிஞர் இம்மாற்றத்தை அளந்து காட்டினார். மூச்சுக்குழற் சுவரின் தடிப்பில் சுரப்பிகள் கொள்ளும் பங்கை அவர் கணக்கிட்டார். நலமுள்ளவர்களிடம் அது பத்தில் நான்கு பங்குக்கு மிகாது. நாட்பட்ட அழற்சி உள்ளோரிடம் அதனை விடக் கூடியிருந்தது. இன்றும் மாணவர்கள் பயிலும் ‘ரீட் குறியீடு’ அதுவே.

தேங்கிய சளியில் கிருமிகள் குடியேறுகின்றன. குளிர்காலத்தில் சிறு ஜலதோஷம் வந்தாலும் அது மார்பில் இறங்கி, வெண்ணிறக் கோழை மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறி, மூச்சுத் திணறல் மிகுகிறது. இவ்வாறு ஒவ்வொரு முறை நோய் மூளும்போதும் நுரையீரல் சிறிது இழக்கிறது. பலருக்கு நுண்ணிய மூச்சுக்குழல்கள் சுருங்கி வடுப்பட்டு நிலையான அடைப்பு ஏற்பட்டுவிடுகிறது. காற்றறைகளின் சுவர்கள் சிதைவதும் இதனுடன் சேரும்போது, இன்று சி.ஓ.பி.டி. என வழங்கும் நாட்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய் உருவாகிறது. கோழையுள்ள எல்லோருக்கும் அடைப்பு வருவதில்லை. அடைப்புள்ள எல்லோருக்கும் கோழை இருப்பதுமில்லை. இரண்டும் ஒரே புகையில் பிறந்த உடன்பிறப்புகள் எனலாம். இறுதிக் கட்டத்தில் இரத்தத்தில் பிராணவாயு குறைந்து, நுரையீரலுக்கு இரத்தம் அனுப்பும் வலப்புற இதயம் பளு தாங்காமல் வீங்கித் தளர்கிறது. கால்களில் நீர் கோத்துக்கொள்கிறது.

லண்டனும் டில்லியும்

இந்நோய் ஒரு காலத்தில் ‘ஆங்கிலேயர் நோய்’ என்றே பெயர் பெற்றிருந்தது. நிலக்கரி எரித்துக் குளிர்காய்ந்த அந்நாட்டு நகரங்களில் அது அத்துணை பரவலாக இருந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரைப் புகைமூட்டம் கவ்வியபோது வழக்கத்தை விட ஏறத்தாழ 4,000 பேர் கூடுதலாக மாண்டனர் என்று அன்று கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வாளர்கள் அத்தொகையை 12,000 வரை உயர்த்தினர். இறந்தோரில் பலர் ஏற்கெனவே மூச்சுக்குழல் அழற்சியால் நலிந்திருந்தவர்கள். 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. அந்நாட்டின் ஆய்வுகள் புகையிலையையும் நிலக்கரிப் புகையையும் குற்றவாளிகளாக நிறுத்தின. பாடநூல்கள் அவற்றையே பின்பற்றி, இந்நோய் புகைபிடிக்கும் நடுவயது ஆணின் நோய் என்று எழுதின.

இந்தியப் பெண்கள் அப்பாடநூலுக்குள் அடங்கவில்லை. பர்மாவில் பிறந்து, அங்கு மருத்துவம் பயின்று, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதய மருத்துவம் கற்றுத் திரும்பிய டாக்டர் எஸ். பத்மாவதி, 1950களில் டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். நுரையீரல் நோயால் வலப்புற இதயம் பழுதுற்ற நோயாளிகளை அவரும் பாதக்கும் ஆராய்ந்து, 127 பேரைப் பற்றிய கட்டுரையை 1959இல் வெளியிட்டனர். மேலைநாடுகளில் ஆண்களிடமே மிகுதியாகக் காணப்பட்ட அந்நிலை இங்குப் பெண்களிடமும் அதற்கு நிகராகக் காணப்பட்டது. ஆண்களில் பெரும்பாலோர் புகைபிடிப்பவர்கள். பெண்களில் மிகச் சிலரே அப்பழக்கம் உள்ளவர்கள். அப்படியாயின் அப்பெண்களின் நுரையீரலைக் கெடுத்தது எது? சிறுமியாக இருந்த காலந்தொட்டு வறட்டியும் விறகும் எரியும் அடுப்பின் முன் அமர்ந்து அவர்கள் சுவாசித்த புகையே என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர்.

அம்முடிவு வெளியாகி இருபதாண்டுகளுக்கு மேல் அதற்கு உரிய கவனம் கிட்டவில்லை என்றே கூற வேண்டும். வீட்டுக்குள் எழும் புகை எந்தத் துறையின் பொறுப்பு என்பது தெளிவாகாததும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித்தும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத்தின் நான்கு கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடையிலேயே கருவிகளைப் பொருத்தி அவர்கள் சுவாசித்த தூசியை அளந்தபோதும், 1984இல் நேபாள மலைக் கிராமங்களிலிருந்து பாண்டேயின் ஆய்வு வெளிவந்தபோதும்தான் உலகம் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தது. அடுப்பருகே கழியும் நேரம் கூடக் கூட மூச்சுக்குழல் அழற்சியும் கூடியதை நேபாள ஆய்வு காட்டியது. டாக்டர் பத்மாவதி 2020இல் தம் 103ஆம் வயதில் மறைந்தார்.

அடுப்படியின் காற்று

விறகும் சாணவறட்டியும் பயிர்த்தாளும் முழுமையாக எரிவதில்லை. எரியாது எஞ்சும் பகுதியே புகையாகிறது. அதில் 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்கள், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு, பார்மால்டிஹைடு, பென்சோபைரீன் முதலியன உள்ளன. நுண்துகள்களே இவற்றுள் மிகக் கொடியவை. மனித மயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு கூட இல்லாத இவை மூக்கின் காவலைக் கடந்து நுரையீரலின் அடிவரை செல்கின்றன. எரிபொருள்களின் வரிசையில் வறட்டியே மிகுதியாகப் புகைவது; விறகு அதற்கு அடுத்தது. ஈர விறகானால் புகை இருமடங்காகத் தோன்றும் என்பதை ஊதுகுழல் பிடித்த எவரும் அறிவர். தீ அணையும் தறுவாயில், முகத்தை அடுப்பருகே கொண்டுபோய் ஊதும் அந்தச் சில நொடிகளில்தான் புகை மிகச் செறிவாக உள்ளே போகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விறகு, பயிர்க்கழிவு, வறட்டி ஆகியவற்றைக் கொண்டே சமைத்தன. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில் தூய எரிபொருளைப் பயன்படுத்துவோர் 58.6 சதவீதமாக உயர்ந்திருந்தனர். எனினும் கிராமப்புறத்தில் அது 43.2 சதவீதமே. அதிலும், வாயு அடுப்பை முதன்மையாகக் கொண்டுள்ள வீடுகள் பலவற்றில் வெந்நீருக்கும் சோற்றுக்கும் மாட்டுத்தீவனம் காய்ச்சவும் பழைய அடுப்பு தொடர்ந்து எரிகிறது.

பீடியும் சிகரெட்டும்

ஆண்களைப் பொறுத்தவரை புகையிலையே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. இந்தியாவில் சிகரெட்டை விடப் பீடியே பரவலானது. பீடியில் புகையிலை குறைவு என்பதால் தீங்கும் குறைவு என்றொரு நம்பிக்கை உண்டு. அது தவறு. பீடியைச் சுற்றியுள்ள இலை எளிதில் காற்றுப் புகவிடாது; அணையாமல் இருக்க அடிக்கடி ஆழ்ந்து இழுக்க வேண்டும். ஆகவே புகையின் நச்சுகள் குறையாமல் நுரையீரலை அடைகின்றன. 2016-17இல் நடந்த வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி மக்களில் 10.7 சதவீதத்தினர் புகைபிடித்தனர். பீடி பிடித்தோர் 7.7 சதவீதம். 2009-10இல் புகைபிடித்தோர் 14 சதவீதமாக இருந்தனர் என்பதை நோக்க இது முன்னேற்றமே.

பழக்கத்தை விட்டால் பயனுண்டா என்ற கேள்விக்கு பிளெச்சரும் பீட்டோவும் 1977இல் விடையளித்தனர். மேற்கு லண்டனில் பணிபுரிந்த ஆண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து அவர்கள் கண்ட முடிவு இது: எல்லோருக்கும் வயது ஏற ஏற நுரையீரலின் ஆற்றல் சிறிது குறைகிறது, புகைக்கு எளிதில் இலக்காகும் சிலருக்கு அது விரைந்து குறைகிறது, அவர்கள் புகைப்பதை நிறுத்தினால், போனது திரும்புவதில்லை, ஆனால் அதன்பின் குறையும் வேகம் புகைக்காதவரின் வேகமாகிவிடுகிறது. ஐம்பது வயதில் விட்டவனுக்கும் இதில் இலாபம் உண்டு. இனி விட்டு என்ன பயன் என்று கேட்கும் நோயாளிக்கு மருத்துவர் சொல்லத்தக்க விடை இதனினும் சிறந்ததில்லை.

தூசியும் தொழிலும்

நிலக்கரிச் சுரங்கம், கல்குவாரி, பஞ்சாலை, தானியக் கிடங்கு, பற்றவைப்புப் பட்டறை ஆகிய இடங்களில் உழைப்போருக்கும் இந்நோய் வருகிறது. அகமதாபாத், கோயம்புத்தூர் போன்ற பஞ்சாலை நகரங்களில் வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும் தொழிலாளரை மருத்துவர்கள் நன்கறிவர். பஞ்சுத்தூசியால் வரும் அந்நோய், ஆண்டுகள் செல்லச் செல்ல, நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியினின்று பிரித்தறிய இயலாததாகிவிடுகிறது. சிக்கல் இங்கேதான். தொழிலாளி பீடியும் பிடிப்பவராக இருந்தால், நோய் பீடியால் வந்தது, தூசியால் அன்று என்று வாதிடுவது எளிது. உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று பெருக்கவே செய்கின்றன. சுரங்கத் தொழிலாளரின் நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியை ஈட்டுத்தொகைக்குரிய தொழில்நோயாக பிரிட்டன் ஏற்றதே 1993இல்தான்.

வெளிக்காற்று மாசைப் பற்றி இன்று அனைவரும் பேசுகின்றனர். ஆதலின் இங்கு விரிவாகக் கூற வேண்டியதில்லை. 2009இல் வகுத்த இந்தியத் தரம் நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் நிர்ணயித்த அளவு 5. வட இந்தியச் சமவெளியில் முந்தியதே எட்டாத இலக்காக நிற்கிறது. குழந்தைப் பருவத்துச் சளிக்காய்ச்சல்களும் பிற்கால நோய்க்கு வித்திடுகின்றன. இங்கிலாந்தில் எந்த மாவட்டங்களில் முன்பு குழந்தைகள் மார்ச்சளி நோயால் மிகுதியாக இறந்தனரோ, அம்மாவட்டங்களிலேயே பின்னாளில் முதியோர் மூச்சுக்குழல் அழற்சியால் மிகுதியாக மாண்டனர் என்பதை பார்க்கரும் ஆஸ்மண்டும் 1986இல் எடுத்துக்காட்டினர்.

இந்தியாவின் 12 மையங்களில் 1,69,575 பேரிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், 35 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 3.49 சதவீதத்தினருக்கு நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி இருப்பது தெரியவந்தது. மூச்சடைப்பு நோய் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், 1990இல் 2.81 கோடியாக இருந்த நோயாளிகள் 2016இல் 5.53 கோடியாயினர் என்பது 2018இல் வெளியான மதிப்பீடு. அந்நோயால் இழக்கப்பட்ட நலவாழ்வு ஆண்டுகளில் காற்று மாசின் பங்கு 53.7 சதவீதம், புகையிலையின் பங்கு 25.4 சதவீதம், தொழிலிடக் கேடுகளின் பங்கு 16.5 சதவீதம். லண்டனில் எழுதிய பாடநூலை டில்லியில் அப்படியே படிக்கலாகாது என்பதை இவ்விகிதங்கள் தெளிவாக்குகின்றன.

அறிவதும் ஆற்றுவதும்

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடிப்பவர் எவராயினும் முதலில் காசநோய்க்கான கோழைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய் இல்லையென்று தெரிந்ததும் பலர் நிம்மதியுடன் வீடு திரும்பிவிடுகின்றனர். அங்குதான் தவறு நேர்கிறது. அடுத்து வேண்டியது மூச்சின் அளவைப் பதிவு செய்யும் ஸ்பைரோமீட்டர் சோதனை. ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் 1846இலேயே இக்கருவியை விவரித்துவிட்டார். நோயாளி மூச்சை நிறைய இழுத்து, இயன்ற வேகத்தில் முழுவதையும் ஊதுகிறார். முதல் நொடியில் வெளிவரும் காற்று மொத்தத்தில் பத்தில் ஏழு பங்குக்கும் குறைந்து, விரிவூட்டும் மருந்து கொடுத்த பின்னும் அந்நிலை மாறாதிருந்தால், அடைப்பு உறுதியாகிறது. இரத்த அழுத்தம் அளக்கும் கருவி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தை இன்று காண்பது அரிது. ஸ்பைரோமீட்டர் உள்ள நிலையத்தைக் காண்பது அதனினும் அரிது.

மருந்துகளில் மூச்சுவழி உள்ளிழுக்கும் விரிவூட்டிகளே சிறந்தவை. அவற்றை ஒருமுறை தொட்டால் பின் விடவே முடியாது என்ற அச்சம் மக்களிடம் வேரூன்றியுள்ளது. அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை, மாத்திரையை விட மிகக் குறைந்த அளவு மருந்து நேரே வேண்டிய இடத்துக்குச் செல்வதே இதன் சிறப்பு. கோழை நிறம் மாறி மூச்சுத்திணறல் மிகும்போது மட்டுமே நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும். ஒவ்வோர் இருமலுக்கும் அதனை வாங்கி விழுங்குவது கிருமிகளைப் பழக்குவதாகும். இன்புளூயன்சா, நிமோனியா தடுப்பூசிகள், நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி ஆகியன நோய் மூளும் தடவைகளையும் மூச்சிரைப்பையும் குறைக்கின்றன. இரத்தத்தில் பிராணவாயு மிகக் குறைந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் வீட்டிலேயே அதனை அளித்தால் ஆயுள் நீள்கிறது என்பது 1981இல் மெய்ப்பிக்கப்பட்டது.

இவையெல்லாம் நோய் வந்த பிறகு. புகையைத் தடுக்கும் முயற்சிகள் இந்நாட்டுக்குப் புதியன அல்ல. 1950களில் ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். 1980களின் நடுவில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. அவற்றில் பல ஓரிரு ஆண்டுகளில் விரிசல் கண்டு, புகைபோக்கி அடைத்து, மூலையில் ஒதுங்கின. வழங்கிய அடுப்புகளை எண்ணினார்களேயன்றி எரிந்த அடுப்புகளை எண்ணவில்லை. பின்னர் ஒடிசாவின் கிராமங்களில் புதிய அடுப்புகளைக் கொடுத்து நான்கு ஆண்டுகள் கவனித்த ஆய்விலும் இதே கதைதான்: முதலாண்டில் புகை குறைந்தது, பழுது பார்ப்பார் இன்றி, பயன்பாடு தளர்ந்து, பின்னர் நலனில் மாற்றமே இல்லாது போயிற்று.

2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் வேறு பாதையை மேற்கொண்டது. ஏழைக் குடும்பத்துப் பெண்களின் பெயரில் சமையல் வாயு இணைப்பு அளிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் இணைப்புகள் 8 கோடியை எட்டின. இதில் அடுப்பு பழுதாகும் தொல்லை குறைவு. ஆனால் உருளை தீர்ந்ததும் மறு உருளைக்குப் பணம் வேண்டும். காட்டோரத்துச் சுள்ளிக்குக் காசு வேண்டாம். அறுவடைக்கு முந்திய மாதங்களில் கையில் பணமில்லாத வீட்டில் எந்த அடுப்பு எரியும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

புகை குறைந்தால் இந்நோய் குறையும் என்பதற்குச் சீனாவிலிருந்து நல்ல சான்று கிடைத்துள்ளது. யுன்னான் மாகாணத்தின் சுவான்வெய் வட்டாரத்தில் மக்கள் புகைபோக்கியில்லாத குழியடுப்பில் நிலக்கரி எரித்து வந்தனர். புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறிய குடும்பங்களை 1976 முதல் 1992 வரை தொடர்ந்து ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவின்படி, ஆண், பெண் இருபாலரிடமும் நாட்பட்ட மூச்சடைப்பு நோய் குறைந்தது. ஆனால் அப்பலன் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகப் புலப்பட்டது அடுப்பு மாறி ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பின்னரே. பலியாவில் முதல் இணைப்பு வழங்கிப் பத்தாண்டு நிறைவது 2026இல். அங்கும் அத்தகைய பலன் தெரியுமா என்பது, இணைப்புப் பெற்ற வீடுகளில் எத்தனை வீடுகள் இடையிலே விறகுக்குத் திரும்பாமல் இருந்தன என்பதைப் பொறுத்தது.